கோட்டுக்கு மேலே நின்ற எண்ணெய்

எனக்கு இஞ்சின் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு, பாவம், பொம்பளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரிந்திருக்கப் போகிறது என்று யாராவது எனக்காக இரக்கப்பட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்தோரு வருடமாகப் பொறியியல் கல்லூரியில் டீசல் இஞ்சின் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆய்வுக்கூடத்தில் ஓடும் இஞ்சின் சத்தத்தை வராந்தாவில் நின்றே கேட்டு, உள்ளே எவன் எதைத் தப்பாகத் திருகியிருக்கிறான் என்று சொல்லுவேன். அப்படிப்பட்டவள்தான் ஒரு பழைய டீசல் காரை வாங்கி ஏமாந்தேன். ஏமாந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. தெரிந்தே வாங்கினேன்.

கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்க ஆள் சேரவில்லை. இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பிரிவையே மூடிவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில் எனக்குக் கிடைத்த அடுத்த வேலை குமாரபாளையத்தைத் தாண்டி, வீட்டிலிருந்து நூற்றுப் பத்து கிலோமீட்டரில் இருந்தது. கணவருக்குச் சிங்காநல்லூரில் சின்ன லேத் பட்டறை. பம்புசெட்டுக்குப் பாகங்கள் கடைந்து கொடுப்பார். ஆர்டர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வீடு என் சம்பளத்தில் ஓடியது. ஒரே மகள் அப்போதுதான் பிளஸ் டூவில் கால் வைத்திருந்தாள். பட்டறையையும் பள்ளியையும் தூக்கிக்கொண்டு குடும்பமாக அங்கே போக வழியில்லை.

முதல் இரண்டு மாதம் ரயிலில் போனேன். விடியுமுன் கிளம்பி, ஈரோட்டில் இறங்கி, இரண்டு பஸ் மாறி, கல்லூரி வாசலில் இருக்கும் வருகைப் பதிவு மெஷினுக்கு முன்னால் எட்டே முக்காலுக்குள் மூஞ்சியைக் காட்ட வேண்டும். மூன்று நாள் தாமதமானால் அரை நாள் சம்பளம் போகும். ரயில் எனக்காக ஓடவில்லை என்பதால் மாதத்தில் பாதி நாள் தாமதம். நான் கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போது புத்தகத்தின் மேலேயே கவிழ்ந்திருப்பாள். அடுப்பு மேடையில் எனக்கு இட்லி எடுத்து மூடி வைத்திருப்பாள். நான் அவளுக்குச் செய்ய வேண்டிய வருடத்தில் அவள் எனக்குச் செய்துகொண்டிருந்தாள்.

கல்லூரி முதல்வர் இரண்டு முறை கூப்பிட்டுச் சொன்னார். "ஏன் மேடம் இப்படி அலையறீங்க? லேடீஸ் ஹாஸ்டல்ல ரூம் தர்றோம். வார்டனாவும் இருந்துக்குங்க. வாரம் ஒரு தடவ ஊருக்குப் போயிட்டு வந்துட்டாப் போச்சு." இரண்டு முறையும் முடியாது என்று சொன்னேன். அந்தக் கடைசிப் பள்ளி வருடத்தில் சாயங்காலம் ஆறரைக்காவது நான் வீட்டில் இருக்க வேண்டும். அவள் படித்து முடித்து எங்கேயோ போகப் போகிறாள். அதற்குப் பிறகு நான் ஹாஸ்டலில் இருந்தாலென்ன, காட்டில் இருந்தாலென்ன. அந்த ஒரு வருடம் மட்டும் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு ஒரு கார் வேண்டும்.

எப்படிப்பட்ட கார் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. தினம் இருநூற்று இருபது கிலோமீட்டர், அவ்வளவும் நெடுஞ்சாலை. பெட்ரோல் கட்டுப்படியாகாது. டீசல்தான், ஆறாவது கியர் இருக்க வேண்டும், தொண்ணூறில் சீராகப் போனால் லிட்டருக்கு இருபத்திரண்டாவது தர வேண்டும். புதிது வாங்க வசதி இல்லை. பழைய டீசல் காரில் எல்லாரும் பார்ப்பது மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்பதை. குறைவாக ஓடியிருந்தால் நல்ல வண்டி என்று நினைப்பார்கள். புதுப் புகை விதிகளுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளுக்கு இது தலைகீழ். அவற்றில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. வண்டி நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வடிகட்டி சுத்தமாகும். பக்கத்துத் தெருவுக்கும் கடைக்கும் போய் வந்தால் கரி எரியாது. எரிக்க முயற்சி செய்து செய்து, எரியாத டீசல் இறங்கி இஞ்சின் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் நீர்த்துப்போகும். நீர்த்த எண்ணெயில் ஓடும் இஞ்சின் உள்ளுக்குள்ளேயே தேயும். இதை நான் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன், தேர்வில் கேட்டிருக்கிறேன், எழுதாதவனுக்கு மார்க் குறைத்திருக்கிறேன்.

கருமத்தம்பட்டியில் பழைய கார் விற்கும் ஒருவரிடம் நான் தேடிய வண்டி கிடைத்தது. கோட்டைமேட்டிலிருந்து வந்து அங்கே இடம் பிடித்திருந்த பாய் அவர். சாம்பல் நிற வண்டி. மருந்துக் கம்பெனி விற்பனையாளர் ஒருவர் சென்னைக்கும் கொச்சிக்குமாக ஓட்டியது. மீட்டரில் ஒரு லட்சத்து முப்பதாயிரம். நாங்கள் போய் நின்றதும் கடைப் பையன்கள் வழக்கம்போல என் கணவரிடம்தான் பேசினார்கள். பாய் மட்டும் யார் கேள்வி கேட்கிறார்கள் என்று கவனித்து, பானெட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். "நீங்களே பாருங்கக்கா. ஓடுன வண்டிதான், ஒளிக்க ஒண்ணுமில்லீங்க."

சர்வீஸ் தாள்கள் முழுவதும் இருந்தன. அளவுக் கம்பியில் எண்ணெய் இரண்டு கோட்டுக்குள் இருந்தது. அவிநாசி வரைக்கும் ஓட்டிவிட்டுத் திரும்பினேன். கியர் மாறுவதே தெரியவில்லை. இறங்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன். "இதுதானுங்க," என்றேன் கணவரிடம்.

அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். "லட்சத்துக்கு மேல ஓடியிருக்குதே." பிறகு, "எதுக்கும் அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போடலாம்," என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது எல்லாம்.

அண்ணன் என்றால் கணவரின் மூத்தவர், எனக்கு மச்சாண்டார். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு. பாகம் பிரிக்காத நிலம், அதனால் குடும்பத்தில் எதுவும் அவர் காதுக்குப் போகாமல் நடக்காது. கெட்டவர் இல்லை. எங்கள் கல்யாணத்திலிருந்து இன்றுவரை என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. நேருக்கு நேர் பேசியதே குறைவு. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தம்பியிடம் சொல்லுவார், நானும் பதிலைக் கணவரிடம் சொல்லுவேன். மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்போம். முப்பது பேர் முன்னால் மைக் இல்லாமல் கத்துகிறவள் அங்கே போனால் கிசுகிசுப்பேன். அதை எல்லாரும் மரியாதை என்பார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஃபோனில் கேட்டதுமே அவர் முடித்துவிட்டார். "ஏண்டா, நம்மூட்டு வண்டி நிக்கறப்ப எவனோ ஓட்டித் தேச்ச வண்டிய எதுக்கு எடுக்கற? நான் பெரிய வண்டி புக் பண்ணிப்போட்டேன். இத நீ எடுத்துக்க. அஞ்சு வருசத்துல பதினாறாயிரந்தான் ஓடியிருக்குது. புதுசு மாதிரி." விலையும் பாய் சொன்னதைவிடக் குறைவு. கணவர் முகம் பட்டறையில் பெரிய ஆர்டர் வந்த நாள் போல மலர்ந்தது. ஐந்து வருடத்தில் பதினாறாயிரம் ஓடிய டீசல் வண்டி எனக்கு ஆகாது என்று அன்றே வீட்டில் சொன்னேன். காரணமும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் புஸ்தகத்துல இருக்கறது. அண்ணங்கிட்டப் போயி உங்க வண்டி வேண்டாம்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?" என்றார். மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு போகலாம் என்றேன். அதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வை, அவர் அண்ணனை நான் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டது போல இருந்தது.

நல்ல நாள் பார்த்து ஞாயிற்றுக்கிழமை போனோம். வெள்ளை வண்டி. கழுவித் துடைத்து, மஞ்சளும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நிறுத்தியிருந்தார்கள். மச்சாண்டாரின் மனைவி, என் அக்கா முறை, எனக்கு வண்டியின் பெருமையைச் சொன்னார். "ஒரு கீறல் இருக்காது கண்ணு. தோப்புக்குப் போவாரு, வருவாரு, அவ்ளோதான். பொழுது சாஞ்சா ஆன வருமுல்ல, அப்பத்தான் இது ரொம்ப உதவும். வரப்பு மேட்டுல நிறுத்தி, லைட்டப் போட்டுட்டு ஏசியப் போட்டு உள்ளயே உக்காந்துக்குவாரு. ரெண்டு மணி நேரமானாலும் வண்டிய ஆஃப் பண்ண மாட்டாரு. அந்தச் சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஒரு ஆன கிட்ட வராது."

மீட்டரில் பதினாறாயிரம். ஆனால் நின்ற இடத்திலேயே இஞ்சின் ஓடிய நேரத்தை எந்தக் கிலோமீட்டரும் காட்டாது. ஐந்து வருடம் யானையை விரட்டுவதற்காக உறுமிக்கொண்டு நின்ற டீசல் இஞ்சின் அது. அந்த வடிகட்டிக்கு அதைவிடக் கேடு செய்ய ஒருவன் உட்கார்ந்து யோசித்தாலும் முடியாது.

மச்சாண்டார் பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். ஆண்கள் பேட்டரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, நான் வேடிக்கை பார்ப்பவளைப் போல முன்னால் போய் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவினேன். கைக்குட்டையில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். குறைந்த அளவுக்கு ஒரு கோடு, அதிக அளவுக்கு ஒரு கோடு. எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை நின்றது. எண்ணெய் தானாக ஏறாது. மூக்கருகில் கொண்டுபோனேன், டீசல் வாடை. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தேன், தண்ணீராக இருந்தது.

நிமிர்ந்தேன். கணவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், சொல்லிவிடாதே என்ற மாதிரி. மச்சாண்டாரும் பார்த்தார். "என்னங்க அம்மணி, எல்லாம் செரியா இருக்குதுங்களா?" அதிசயமாக என்னிடமே கேட்டார். அக்கா தட்டில் வெற்றிலை பாக்கின் மேல் சாவியை வைத்து ஏந்திக்கொண்டு நின்றார். என் மகள் மாலையைச் செல்ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்குதுங்க," என்றேன். கம்பியை உள்ளே செருகினேன்.

கைக்குட்டையை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு ஓட்டி வரும் வழியெல்லாம் எனக்கு நானே பாடம் நடத்தினேன். எண்ணெயை மாற்றிவிடலாம். நெடுஞ்சாலையில் பத்து நாள் ஓடினால் வடிகட்டி சுத்தமாகிவிடும். இஞ்சின் இன்னும் தேய்ந்திருக்காது. எல்லாம் நடக்கக்கூடியவைதான், புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. படித்தவளுக்கு இது ஒரு வசதி, தன் கோழைத்தனத்துக்கும் ஒரு விளக்கம் எழுதிவிடலாம்.

மறுநாளே ஒரு மெக்கானிக்கிடம் விட்டு எண்ணெயை மாற்றினேன். வண்டி ஓடியது. நாற்பத்தொரு நாள் ஓடியது. காலையில் ஏழுக்கு முன்னால் கிளம்புவேன், எட்டே முக்காலுக்கு மெஷின் முன்னால் நிற்பேன். திரும்பும்போது பெருந்துறை தாண்டினால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டுவேன். ஆறேகாலுக்கு வீடு. மகள் பள்ளியிலிருந்து வந்து உடை மாற்றாமல் உட்கார்ந்திருப்பாள். தோசை ஊற்றிக்கொண்டே அவளிடம் கெமிஸ்ட்ரி ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பேன். அவள் தப்பாகச் சொன்னால் தோசைக் கரண்டியைத் தூக்கிக் காட்டுவேன், சிரிப்பாள். மைலேஜ் இருபத்துமூன்று தந்தது. கணவர் அண்ணனுக்கு ஃபோன் போட்டு அதைச் சொன்னார். என் பயம் வீண் என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

நாற்பத்திரண்டாம் நாள் கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் ஆய்வுக்குழு வந்திருந்தது. எங்கள் இஞ்சின் ஆய்வுக்கூடத்தை நான்தான் காட்ட வேண்டும், பத்து மணிக்கு. செங்கப்பள்ளி மேம்பாலம் தாண்டியதும் முன்பக்கமிருந்து விசில் போல ஒரு சத்தம் எழுந்தது. இஞ்சினுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கும் டர்போ தேய்ந்து போகிறது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. விசில் ஊளையானது, பிறகு நின்றது. கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் சாலையே தெரியாத அளவுக்கு நீலப் புகை. ஓரம் கட்டி இறங்கி நின்றேன். லாரிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "ஏனுங்கக்கா, ஆருக்காச்சும் ஃபோன் பண்ணீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பெருந்துறையிலிருந்து இழுவை வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனபோது ஆய்வுக்குழு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பூட்டிய ஆய்வுக்கூடத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். சாவி என் பையில் இருந்தது.

முதல்வர் கத்தவில்லை. திங்கட்கிழமைக்குள் ஹாஸ்டலில் சேர்ந்துவிடுங்கள், இல்லாவிட்டால் ராஜினாமாக் கடிதம் கொடுங்கள் என்றார். பெருந்துறை மெக்கானிக் எண்ணெயை வடித்து, அதில் மின்னிய இரும்புத் தூளை எனக்கு ஃபோட்டோ அனுப்பினார். இஞ்சினைப் பிரிக்க வேண்டும், செலவு வண்டியின் விலைக்கே பக்கத்தில் வரும் என்றார். பழைய தேய்மானங்க மேடம், ரொம்ப நாளா எண்ணெய் தண்ணியா ஓடியிருக்குது, என்றும் சொன்னார். தெரியும் என்று சொன்னேன்.

ஞாயிறன்று மச்சாண்டாரும் அக்காவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், தேங்காயும் ஒரு தார் வாழைப்பழமுமாக. காப்பி குடித்தார்கள். பிறகு மச்சாண்டார் தம்பியைப் பார்த்துச் சொன்னார். "அஞ்சு வருசம் எங்கிட்ட ஒரு நாள் மக்கர் பண்ணல. ஒன்றர மாசத்துல இப்பிடி ஆயிப்போச்சு. ரோட்டுல கொஞ்சம் விரட்டி ஓட்டிப்போட்டாங்களாட்ட இருக்குது. அம்மணி இஞ்சின் பாடம் நடத்தறவங்கதான், ஆனா ஓட்டறது வேறல்ல."

கணவர் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசுவார் என்று காத்திருந்தேன். பேசவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக மச்சாண்டாரின் முகத்தைப் பார்த்துச் சத்தமாகப் பேசினேன். "நான் விரட்டி ஓட்டலீங்க. உங்க ஊட்டுல வெச்சே எண்ணெய் பாத்தேனுங்க. கோட்டுக்கு மேல இருந்துச்சு. டீசல் கலந்திருந்துச்சு. வண்டி கெட்டுப்போச்சுன்னு அன்னிக்கே எனக்குத் தெரியுமுங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவர் முகத்தில் வந்தது கோபமில்லை, உண்மையான திகைப்பு.

"தெரிஞ்சுதுங்களா? அப்பறம் ஏனுங்க அம்மணி சொல்லல? நானே கேட்டனுல்லீங்க?"

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஷோரூமுக்கு உட்டு செரி பண்ணியே குடுத்திருப்பமே கண்ணு," என்றார் அக்கா. "நாங்க என்ன வெளியாளா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர்கள் நடிக்கவில்லை. சொல்லியிருந்தால் செய்திருப்பார்களோ, மனத்தாங்கல் வந்து பாகம் பிரிக்காத நிலத்தில் போய் வெடித்திருக்குமோ, எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை எண்ணெய்க் கம்பியோடு சேர்த்து நான்தான் உள்ளே செருகினேன். கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எங்கிட்டவாச்சும் அழுத்திச் சொல்லியிருக்கலாமுல்ல," என்றார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சமையலறை வாசலில் மகள் நின்றிருந்தாள். அவர்கள் போன பிறகு கேட்டாள், "எல்லாம் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சும் சரின்னு சொன்னியாம்மா?" ஆமாம் என்றேன். "எனக்காகத்தானே கார்?" ஆமாம் என்றேன். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்னும் எதையாவது கேட்டிருந்தால் அவளைத் திட்டியாவது இருப்பேன்.

திங்கட்கிழமை இரண்டு பெட்டியோடு ஹாஸ்டலுக்குப் போனேன். அந்த வருடம் முழுக்க நூற்றுச் சொச்சம் அடுத்த வீட்டுப் பெண்களுக்குச் சாப்பாடு வந்ததா, காய்ச்சல் விட்டதா என்று பார்த்தேன். என் பெண்ணை ஃபோனில் பார்த்தேன். முதலில் தினமும் அரை மணி நேரம் பேசினாள், பிறகு பத்து நிமிடம். மார்கழிக்குப் பிறகு, "டெஸ்ட் இருக்கும்மா, நாளைக்குப் பேசட்டா?" சனிக்கிழமை நான் வந்து சேர்ந்தால் விருந்தாளிக்கு எழுந்து நிற்பது போல எழுந்து வந்து பையை வாங்கிக்கொள்வாள். காரைப் பெருந்துறையிலேயே, இருந்த நிலையில், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டோம்.

மார்க் நன்றாகத்தான் வந்தது. கல்லூரிக்கு விண்ணப்பம் போடும்போது வீட்டிலிருந்தே போய் வரும் தூரத்தில், பீளமேட்டிலேயே அவள் கேட்ட படிப்பு இருந்தது. விருப்பப் பட்டியலில் நான் அதைத்தான் மேலே போட்டிருந்தேன். அதற்குள் நான் கோயம்புத்தூரிலேயே ஒரு பாலிடெக்னிக்கில் பாதிச் சம்பளத்துக்கு வேலை பேசி வைத்திருந்தேன், அவள் படிக்கும் நான்கு வருடமாவது கூட இருக்கலாம் என்று. அவள் பட்டியலை வாங்கி, சென்னைக் கல்லூரியை மேலே ஏற்றினாள். ஹாஸ்டல் சாப்பாடு, தனிமை, எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டாள், அவள் அப்பாவைப் போலவே.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா," என்றாள். "நீ இல்லாம இருக்க எனக்குப் பழகிடுச்சு."